இன்மை அறிக்கையும் மலக்குழி மரணங்களும்

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி இயங்கும் மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டமொன்றில், தம் வட்டத்தில் தீண்டாமை தொடர்பாக 'இன்மை அறிக்கை' என்று அலுவலர் ஒருவர் வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். வழக்கு பதிவாகவில்லை என்பதே அதன் பொருள். தீண்டாமை இல்லை என்று கூட்டக் குறிப்பில் ஏறியது.

இந்தத் தாவல் நாடாளுமன்றம் வரை செல்கிறது. கையால் மலம் அள்ளும் பணியால் முந்தைய ஐந்தாண்டுகளில் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் கூறியது. கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழிகளிலும் இறங்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டதை அதே அரசு வேறு பதில்களில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுபவர்' என்பதற்கு ஒரு வரையறையையும், 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்பதற்குத் தனி வரையறையையும் தந்துள்ளது. அரசு அறிவிக்கும் பாதுகாப்புக் கருவிகளோடு அப்பணியைச் செய்பவர் கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார் என்று ஒரு விளக்கமும் அதில் உண்டு. குழிக்குள் இறந்தவரை இரண்டாம் பட்டியலில் எழுதிவிட்டால் முதற் பட்டியல் தூய்மையாகிவிடும்.

உயிரோடு இருப்பவர்களை எண்ணியதிலும் இதே சிக்கல்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மனிதர்களால் மலம் அகற்றப்படும் கழிப்பிடங்கள் ஏறத்தாழ 7.94 லட்சம் என்றது. 2013, 2018 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகள் கண்டறிந்த தொழிலாளர்களோ 58,098 பேர். ஒருவரே பல வீடுகளைச் சுத்தம் செய்வதால் இவ்விரு எண்களும் சமமாக வேண்டியதில்லை. ஆனால் இடைவெளியின் பெரும்பகுதி அளந்த முறையில் இருக்கிறது என்பதே என் வாதம். கணக்கெடுப்பு கழிப்பிடத்தைப் பற்றிக் கேட்டது; அதற்குப் பதில் சொல்ல எவரும் தம் இழிவைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2018 ஆய்வோ 18 மாநிலங்களின் 170 மாவட்டங்களில் மட்டும் முகாம் நடத்தி, 'நான் மலம் அள்ளுகிறேன்' என்று தொழிலாளியே வந்து பதியச் சொன்னது. அதை உள்ளூர் நிர்வாகம் சரிபார்க்க வேண்டும். அப்படி ஒருவரை வேலைக்கு வைப்பதே குற்றம் எனும்போது, எந்த நிர்வாகம் தன் எல்லைக்குள் அது நடக்கிறது என்று மனமுவந்து கையெழுத்திடும்?

சமூக அறிவியலாளர்கள் இந்தச் சிக்கலை முன்பே எதிர்கொண்டு வழிகள் கண்டிருக்கின்றனர். 2011-12இன் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, உங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுகிறதா என்று நேரடியாகக் கேட்டது. இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, பாத்திரங்களைப் பயன்படுத்தலாமா என்று மீண்டும் கேட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் தீண்டாமையை ஒப்புக்கொண்டன. தாமே ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இத்தனை பேர் என்பதை மறக்கலாகாது.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் எவரிடமும் எதையும் கேட்கவே இல்லை. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. 2007இல் வெளியான முடிவின்படி, உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. எந்த மேலாளரும் வாய்திறந்து ஒப்புக்கொள்ளாத ஒன்று இப்படி எண்ணாக வெளிவந்தது. வழக்கறிஞராக என்னை உறுத்துவது அடுத்த கேள்வி: இந்த எண்ணை எங்கே தாக்கல் செய்வது? தனியார் வேலைவாய்ப்பில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் முழுமையான சட்டம் ஒன்று இந்நாட்டில் இல்லை.

நீதிமன்றங்களிலும் ஊடகங்களிலும் அதிகம் மேற்கோளாவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்தான். 2022இல் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் 57,582. இது காவல் நிலையங்கள் பதிந்த வழக்குகளின் எண்ணிக்கை. புகாரை ஏற்கும் மாவட்டம் இதில் கொடியதாகத் தெரியும். புகார் கொடுத்தவரைத் திருப்பி அனுப்பும் மாவட்டம் அமைதிப் பூங்காவாகத் தெரியும்.

கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 'இங்கே தீண்டாமை இருக்கிறதா' என்று ஊர்த்தலைவரிடம் கேட்காதீர்கள். தேநீர்க் கடையில் யாருக்கு எந்தக் குவளை, முடிதிருத்தகத்தில் யார் அமர்கிறார், குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது, பள்ளிக் கழிப்பறையை யார் கழுவுகிறார் என்பதை நாள், நேரத்தோடு எழுதுங்கள். மலக்குழி மரணம் நிகழ்ந்த ஊரில், முதல் தகவல் அறிக்கையில் எந்தச் சட்டப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன, எவை விடுபட்டன என்று பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2014இல் இத்தகைய மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாமல் 'விபத்து' என்று முடித்து வைக்கப்பட்டவரின் குடும்பம், அதைக் கேட்பதற்கே முதலில் அவர் எப்படி இறந்தார் என்பதை நிறுவ வேண்டியிருக்கிறது.