தரைக்குக் கீழே இருப்பது



செகந்திராபாத்தின் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பகுதிகளில் பழைய வீடு வாங்கும் நம் ஜனங்களில் சிலர், ஷாபாத் கல் தரையின்மேல் எஞ்சினியர்டு வுட் பலகை விரிக்க விரும்புகிறார்கள். சாலொமோனும் ஆலயத்தின் தளத்தைத் தேவதாரிப் பலகைகளால் மூடினான் (1 இராஜாக்கள் 6:15). ஆசை தவறன்று. ஆனால் அக்கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று விசாரித்தீர்களா? பல பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தும் மண்ணும்தான். ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு இராது.

இப்பலகையின் மேற்புறம் மாத்திரமே சில மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல மரம். கீழே குறுக்கும் நெடுக்குமாய் ஒட்டிய பிளைவுட். ஆகையால் முழுமரத்தைப்போல எளிதில் வளையாது. ஆயினும் மழைக்காலமெல்லாம் அடியிலிருந்து ஈரம் ஏறினால் அதுவும் உப்பும், பூஞ்சணம் பிடிக்கும். பல வருடச் சேமிப்பு வீணாகும்.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் தோஷம் கண்ட ஆசாரியன் உடனே அதைப் பூசி மறைக்கவில்லை. ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்த்தான். நீங்களும் மழைக்காலத்திலேயே ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, கல் கறுத்திருந்தாலோ பலகையை மறந்து, கல்லையே மெருகேற்றிக்கொள்ளுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார், அவருக்குத் தீபாவளி விற்பனை முக்கியம்.

உலர்ந்திருந்தால், கரையான் மருந்து அடித்து, மேடுபள்ளம் சமப்படுத்தி, பலகைக் கட்டுகளை இரண்டு நாள் அறையிலேயே வைத்திருந்து, சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். தளம் உயர்வதால் கதவுகளின் அடியை இழைக்க நேரிடும். தச்சர் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.