மழைக்கு ஓடாத ஒரு நாள்

சிவகாசியில் ஜூன் மாதம் வானம் கறுத்தால், வெயிலில் காயவைத்த சரக்கை அள்ளத்தான் முதலில் ஓடுவார்கள். தென்மேற்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் தென்காசியிலோ அதே ஜூனில் சாரல் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். இந்த இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது சென்னை - கொல்லம் எக்ஸ்பிரஸ்.

பின்னிரவில் ஏற வேண்டும். தூக்கம் போனால் போகட்டும், செங்கோட்டை தாண்டியதும் மலைதான். 1904-ல் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையை, மீட்டர்கேஜிலிருந்து அகலப்பாதையாக மாற்ற 2010-ல் மூடினார்கள். முழுதாகத் திறந்தது 2018-ல்தான். ஆரியங்காவு தாண்டி, குகைகளுக்குள் நுழைந்து வெளியே வந்தால் கழுத்துருட்டி. ஆற்றை ஒட்டி, பதின்மூன்று கண் கருங்கல் பாலம்.

ஆடியில் ஆறு நிறைந்து ஓடும். பங்குனியில் பாறைதான் தெரியும். என் ஓட்டு தீபாவளி முடிந்த வாரத்துக்கு. பட்டாசு ஆலைகள் லீவு. வடகிழக்குப் பருவமழையில் மலையும் பச்சையாக இருக்கும். போன முறை எங்களோடு வந்த பக்கத்து வீட்டு அத்தை, ஆலையில் திரி வேலை பார்ப்பவர். ஜன்னலில் மழை அடித்ததும், “இந்த மழைக்கு நான் எந்திரிச்சு ஓட வேண்டாம்ல” என்று சிரித்தார். கண்ணாடியைக் கடைசிவரை இறக்கவே விடவில்லை!

ஒரு விஷயம். பழைய போட்டோக்களைப் பார்த்துவிட்டு ரீல்ஸ் எடுக்கப் பாலத்தின் மேல் ஏறாதீர்கள், ரயில் ஓடுகிறது. பக்கத்தில் போகும் கொல்லம் சாலையில் நின்றால்தான் பாலம் அழகாகத் தெரியும். மேலே ஏறினால் வெறும் தண்டவாளம்தான்.