தராசு யார் கையில்?

கொரோனா காலத்தைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். நாட்டை மூடியது சரி, உயிர்தான் பெரிது என்கிறது ஒன்று. மூடியதால்தான் எல்லாம் நாசமாயிற்று என்கிறது மற்றது. தோட்டம் மூடப்படவே இல்லை என்பதை இரண்டு கட்சியுமே மறந்துவிட்டன.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. கொழும்பில் வீதியில் இறங்கியவர்களைப் பொலிஸ் பிடித்தது. தேயிலைக்கு விலக்கு. நாம் வழக்கம்போலப் பிரட்டுக்குப் போனோம். அதற்கு ஒரு வாரம் முன்பே பள்ளிக்கூடங்கள் மூடியாயிற்று. பிள்ளைகள் வகுப்பில் கூடினால் ஆபத்து, தாய்மார் கொழுந்து நிறுக்க நெருக்கியடித்து நின்றால் ஆபத்தில்லை!

அந்த நோயைப் பற்றி அப்போது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றிருந்த உலக சுகாதார ஸ்தாபனமே ஜூன் மாதத்தில் ஆலோசனையை மாற்றியது. தெரிந்தபின் மாற்றிக்கொள்வது நேர்மை. ஆனால் தெரியாத நேரத்தில் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போனது? ஒரு மீற்றர் தள்ளியிருங்கள் என்றார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழு பேர் எங்கே தள்ளியிருப்பது?

வேலையை நிறுத்துங்கள் என்று நாமும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அன்றைய அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. நாட்டுக்கு டொலர் தேவை என்பதும் பொய்யல்ல. நாம் கேட்டது, நிறுக்கும் இடத்தில் தண்ணீரும் சவர்க்காரமும், லயத்தைத் தனிமைப்படுத்தினால் அந்த நாட்களுக்குப் பேர். எங்கள் டிவிசனில் கிடைத்த பதில், “மேலிடத்து உத்தரவு இல்லை.” 5000 ரூபா நிவாரணம் கேட்டுப் போன பெண்களுக்குக் கிடைத்த பதில், “உங்களுக்குத்தான் வேலை இருக்கிறதே.” வேலைக்கு வரும்போது அத்தியாவசியம், உதவி கேட்கும்போது அந்நியம்.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் வருமானம் இழந்து திரும்பியபோது, பீலியடியில் தண்ணீர் பிடிக்கவும் விடாமல் துரத்தினோம். அதைச் செய்தது துரை இல்லை, நாம்தான்.

ஆசிரியர்களாகிய நாங்களும் தப்பவில்லை. வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்தபின். சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளைப் பத்திரிகைகள் படம்பிடித்துப் பாராட்டின. ஏறாமல் விட்டவர்களை யார் படம் பிடித்தார்கள்? பள்ளிக்கூடம் திறந்தபின் வராமலே போனவர்களின் பெயர்கள் எங்கள் இடாப்பில் இன்னும் இருக்கின்றன.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கழிப்பார்கள். முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தால் அதட்டுவார்கள். உயிரையும் வருமானத்தையும் நிறுத்தபோதும் இதே கதைதான். நிறுக்கட்டும், ஆனால் முள்ளைப் பார்க்க நமக்கும் உரிமை வேண்டும். தோட்டத்தை மூடுவதோ திறப்பதோ, முடிவெடுக்கும் மேசையில் தொழிலாளர் பிரதிநிதி இருக்க வேண்டும். தனிமைப்படுத்தும் நாளுக்கு முழுப்பேர் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

2020, 2021 சம்பளச் சிட்டைகள் கையில் உள்ளவர்கள் அவற்றைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள். இழந்த பேர்களை நாமே கணக்கெடுப்போம்.