எந்த மரத்தை எங்கே நடுவது?

பத்தாம் வகுப்பு மாணவி, காரைக்கால்

மரம் நடுவது நல்லது என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் எந்த மரத்தை எந்த மண்ணில் நடுவது என்று கேட்பவர் சிலரே. கேட்காமல் நட்டதால் உலகில் நேர்ந்த துன்பங்களை அறிந்தால், மரம் நடுவிழாவுக்குக் கன்றுகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாமும் சற்றுச் சிந்திப்போம்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பரந்த சமவெளிகள் உள்ளன. மழைக்காலத்தில் அவை நீரில் மூழ்கும். வறண்ட பருவத்தில் காய்ந்து வெடிக்கும். அங்கே 'காகிதப்பட்டை மரம்' காடாக வளர்கிறது. நம் நாவல், கொய்யா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் பட்டை தாள் தாளாக உரியும். அந்நாட்டுப் பழங்குடியினர் அப்பட்டையை உணவு பொதியவும், படுக்கையாகவும், கூரையாகவும் பயன்படுத்தினர். அதன் பூக்களிலே தேனுண்ணப் பறவைகள் கூடும். தன் மண்ணில் அது ஒரு வரம்.

அம்மரத்தின் ஓர் இனத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாவுக்குக் கொண்டு சென்றனர். சதுப்பு நிலத்தை உலர்த்திவிடும் என்று நம்பினர். நடந்ததோ வேறு. ஒரு மரமே இலட்சக்கணக்கான விதைகளைச் சுமந்து நிற்கும். தீப்பட்டால் அவை ஒருசேரக் கொட்டும். எவர்கிளேட்ஸ் என்னும் புகழ்பெற்ற புல்வெளிச் சதுப்பில் அது அடர்ந்து பரவி, மற்றச் செடிகளை அழித்தது. கடைசியில் 1997-இல் அதைத் தின்னும் வண்டுகளை ஆஸ்திரேலியாவிலிருந்தே கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலிய மரம் அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்க மரம் ஒன்று நம்மிடம் வந்தது. அதுதான் சீமைக் கருவேலம்! வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரிக்கரை உண்டா?

நமக்குத் தெற்கே, வேதாரண்யத்தைக் கடந்தால் கோடியக்கரை. 1967-இல் அது சரணாலயமாக்கப்பட்டது. அங்குள்ள மணற்பாங்கான சமநிலத்தில் பாலை மரமும் உகாவும் களாவும் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கின்றன. காட்டை அடுத்த புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. அப்புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் நுழைந்துவிட்டது. கால்நடைகள் அதன் நெற்றுகளைத் தின்று, சாணத்தோடு விதையை எங்கும் பரப்புகின்றன. திறந்த வெளியில் ஓடி வாழும் வெளிமானுக்கு முட்புதரில் என்ன வாழ்வு? மரமில்லாத நிலமெல்லாம் வெற்று நிலமன்று என்பதை அந்த மான்கள் நமக்குக் கற்பிக்கின்றன.

"அந்த மரத்தால்தானே ஏழை வீட்டு அடுப்பு எரிகிறது? கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர் இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் விறகுக்கும் நிழலுக்கும் உதவும் நம் மரங்களை வளர்த்துக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு மரமெல்லாம் தீயவை என்றும் நான் கூறவில்லை. கொய்யாவும் முந்திரியும் கடல் கடந்து வந்தவையே. அவை நம் வேலிக்குள் அடங்கி, பழமும் பருப்பும் தருகின்றன. புதிய மரம் ஒன்றை நடுமுன் அது நட்ட இடத்தில் நிற்குமா, ஊரையே பிடித்துக்கொள்ளுமா என்று ஆராய வேண்டும் என்பதே என் வாதம்.

தோழியரே! நம் கடற்கரைக்கு உரிய மரங்களுக்கா பஞ்சம்? உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை, குளக்கரைக்குப் பூவரசு, தெருவோரத்துக்குப் புங்கன், வரப்புக்குப் பனை என எத்தனையோ உண்டு. 2018-இல் வீசிய கஜா புயலில் டெல்டாவெங்கும் தென்னைகள் சாய்ந்ததை நாம் அறிவோம். பனங்கொட்டைக்குப் பெரிய செலவில்லை. ஊன்றக் கை மட்டும் வேண்டும். அழகுக்காக விலை கொடுத்து வாங்கும் கன்றுகளைக் குறைத்து, அடுத்த நடுவிழாவில் இவற்றை நடுவோம். நட்டதோடு விடாமல், கோடை விடுமுறையிலும் தண்ணீர் ஊற்ற வகுப்புக்கு ஒரு மரம் எனப் பொறுப்பேற்போம்.

மரம் நடுவது அன்பின் செயல். அந்த அன்போடு அறிவும் சேரட்டும்.