65 ரூபாய்க் கடன் 235 ஆன கதை

சினிமா என்றாலே ஆட்டம் பாட்டம், அடிதடி என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அதில் தப்பில்லை. விடியற்காலை முதல் பால்மரம் சீவிவிட்டு வந்தவன் கொஞ்ச நேரம் சிரிக்க வேண்டாமா? ஆனால் ஏழையின் கடன் கணக்கைத் திரையில் விரித்துக் காட்டியவர்களும் இந்தியாவில் இருந்தார்கள்.

ஊமைப் படக் காலத்திலேயே, 1925இல், கோலாப்பூர் பாபுராவ் பெயிண்டர் 'சாவ்காரி பாஷ்' எடுத்தார். வட்டிக்காரனின் சுருக்கு என்று பொருள். நிலத்தைப் பறிகொடுத்த உழவன் நகரத்து ஆலைக்குக் கூலியாகப் போகிறான். சாமி படங்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது! உழவனாக நடித்தவர் பிற்காலத்தில் பெரிய இயக்குநரான சாந்தாராம்.

1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். அந்தக் கொடுமையை கே. ஏ. அப்பாஸ் 1946இல் 'தர்த்தி கே லால்' ஆக்கினார். பிறகு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பாட்டையும் அவரே படமாக்கினார்.

1953இல் வந்தது பிமல் ராயின் 'தோ பிகா ஜமீன்'. சம்பு என்ற குடியானவனின் துண்டு நிலம், ஜமீந்தார் கட்டப்போகும் ஆலைக்குக் குறுக்கே கிடக்கிறது. கடன் 65 ரூபாய்தான் என்று நம்பி, வீட்டுச் சாமான்களை விற்றுக் கொண்டுபோகிறான் சம்பு. கணக்குப்பிள்ளையின் ஏட்டிலோ 235! கோர்ட் மூன்று மாதத் தவணை கொடுக்கிறது. கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கிறான்.

அந்த இடத்தில் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்க வேலையாகப் போன ஒரு தோட்டத்தில், பழைய சம்பளச் சீட்டுகளைப் பானைக்குள் பத்திரமாய் வைத்திருந்த ஓர் அம்மாவால்தான் பிடித்தம் தப்பு என்று காட்ட முடிந்தது. மற்றவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வாய்ப்பேச்சை எந்த ஆபீசும் கேட்கவில்லை.

சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி லண்டன் பி.பி.சி. வானொலியில் வேலை பார்த்தவர். படித்த துரை மாதிரி ஆள். அவருக்கே இந்த வேஷம் தாங்குமா என்று பயம். நிஜ ரிக்‌ஷாக்காரர் ஒருவரிடம் கதையைச் சொன்னபோது, "இது என் கதையாச்சே" என்று அவர் அழுதாராம். அவர் நிலமும் ஜமீந்தாரிடம் அடமானத்தில் கிடந்ததாம்.

கடைசியில் சம்பு தன் மண்ணில் ஒரு பிடி அள்ளுகிறான். ஆலைக் காவல்காரன் அதையும் கீழே போடச் சொல்கிறான்.

கோயில் திருவிழாவுக்குப் படம் போடும் இளைஞர்களே, ஒரு ராத்திரி இதைப் போடுங்கள். இந்திப் படம்தான்; விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொன்னால் பாட்டிமாருக்கும் விளங்கும்.