விதியல்ல, உள்குத்தகை!

2025 ஜூன் 30-ந் தேதி காலை தெலுங்கானாவில் பாசமைலாரம் தொழிற்பேட்டையில், மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்று வெடித்துச் சிதறியது. 40-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் உத்திரப்பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் பலர். பெற்றவர்களாலும் அடையாளம் காண முடியாதபடி உடல்கள் கருகிப்போயின. அந்தப் புகை அடங்குமுன், மறுநாள் ஜூலை 1-ந் தேதி காலை, சிவகாசிக்குப் பக்கத்தில் சின்னக்காமன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. அங்கே எட்டு உயிர்களுக்குக் குறையாமல் பலி.

இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நாள். அதன் பிறகு நடந்தவையும் ஒன்று போலவே இருந்தன. மந்திரிகள் அனுதாபம் தெரிவித்தார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. விசாரணை என்றார்கள், வழக்கு என்றார்கள். பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதின. மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிட்டது. செத்தவர்களின் வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை.

இந்தச் சாவுகளை “விபத்து” என்று சொல்லிச் சொல்லி நம்மையும் அப்படியே சொல்லப் பழக்கிவிட்டார்கள். விபத்து என்றால் யாரும் எதிர்பாராதது, யாராலும் தடுக்க முடியாதது. சிவகாசிச் சாவுகளில் எதிர்பாராதது எது? தடுக்க முடியாதது எது?

பட்டாசு ஆலையில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பது ஏற்கெனவே சட்டத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம் விட வேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. மருந்து கலக்கும் அறையில் அதைவிடக் குறைவு. கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்து மறுநாள் தொடக்கூடாது. மரத்தடியிலும் நடைபாதையிலும் வைத்து வேலை செய்யக்கூடாது. இவற்றில் எதுவும் புதிதல்ல. கந்தகமும் வெடியுப்பும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் சின்ன உராய்வு போதும் என்பது அங்குள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். முதலாளிக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் அங்கே ஆலையை நடத்துவது பெரும்பாலும் உரிமம் வைத்திருப்பவர் அல்ல. ஒருவர் பெயரில் உரிமம் இருக்கும். அவர் தமது அறைகளைக் கூறு போட்டுப் பல பேருக்கு உள்குத்தகைக்கு விடுகிறார். சட்டப்படி இது கூடவே கூடாது. ஆயினும் பகிரங்கமாக நடக்கிறது. குத்தகை எடுத்தவன் தீபாவளிக்கு முன் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். ஆகவே நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்கார வைக்கிறான். அறை போதாவிட்டால் மரத்தடி. பேன்சி ரகத்துக்கு விலை அதிகம் என்று, அனுமதியில்லாத இடத்தில் அதைத் தயாரிக்கிறான். ஒரே வளாகத்தில் நாலைந்து குத்தகைதாரர்கள் என்றால், பக்கத்து அறையில் என்ன மருந்து எவ்வளவு கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தொழிலாளிக்கோ பீஸ் ரேட். கை வேகமாக ஓடினால்தான் கூலி. வேகமாக ஓடுகிற கைதான் உராய்வை உண்டாக்குகிறது.

கடைசியில் வெடித்தவுடன் அதிகாரிகள் எழுதும் வார்த்தை என்ன? “தொழிலாளியின் கவனக்குறைவு!” போலீஸ் முதலில் பிடிப்பது யாரை? போர்மேனை! அவனும் சம்பளக்காரன்தான்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை மறந்துவிட முடியாது. 38 பேர் செத்தார்கள். ஆலைக்குள் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே சிக்கியவர்களைத் தூக்கி வர ஓடிய அக்கம்பக்கத்து ஊர் ஜனங்களும் அடுத்த வெடிப்பில் மாண்டார்கள். விதிகளை மீறியதற்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலை அது! காகிதத்தில் மூடிய ஆலையில் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போதும் “இனி ஒரு முதலிப்பட்டி நேராது” என்ற பேச்சைக் கேட்டோம். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அங்கும் உள்குத்தகை. 2023 அக்டோபர் 17-ந் தேதி ஒரே நாளில் இரண்டு இடங்களில் வெடித்து 14 பேர், பெரும்பாலோர் பெண்கள்.

ஏன் தெரிந்தே போய் அந்த அறையில் உட்காருகிறார்கள் என்று பட்டணத்துக் கனவான்கள் கேட்கிறார்கள். சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் களை வெட்டக்கூட வேலை கிடையாது. விவசாயத் தொழிலாளியின் வீட்டுப் பெண் காலையில் ஆலை வண்டியில் ஏறுகிறாள் என்றால் அவளுக்கு உயிர் கசந்துவிட்டது என்று அர்த்தமல்ல; மாலையில் கையில் கூலி வரும் இடம் அது ஒன்றுதான். வயல் வேலை மட்டும் பாதுகாப்பானதா என்ன? 2017-ல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் அந்த விஷக்காற்றைச் சுவாசித்தே செத்தார்கள். முகமூடி இல்லை, கையுறை இல்லை. நம் ஊர் வயலில் மருந்து அடிக்கிறவன் தோள் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதோடு சரி.

சில்லறை முதலாளிகள்தான் இப்படி, பெரிய ஸ்தாபனங்களில் எல்லாம் ஒழுங்கு என்று நினைப்பவர்களுக்கு 2020-ம் வருஷம் பதில் சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டு மே 7-ந் தேதி அதிகாலை விசாகப்பட்டினத்தில் அந்நிய முதலாளியின் பிளாஸ்டிக் ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களைக் கொன்றது. அதே மே 7-ந் தேதி நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1-ந் தேதி அதே நிலையத்தில் மீண்டும் பாய்லர் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். நெய்வேலி பொதுத்துறை, நாம் போராடிப் பாதுகாத்து வரும் பொதுத்துறை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது: பாய்லருக்குப் பக்கத்தில் நின்று வெந்தவர்களில் மிகப் பலர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். சிவகாசியில் உள்குத்தகை என்கிறார்கள், நெய்வேலியில் காண்ட்ராக்ட் என்கிறார்கள். பெயர்தான் வேறு. ஆபத்து இருக்கும் இடத்தில், எதிர்த்துக் கேட்க முடியாதவனை நிறுத்துவது என்ற ஏற்பாடு ஒன்றேதான்.

தேசம் வேகமாக வளருகிறது என்று ஆளுவோர் மார்தட்டுகிறார்கள். தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே இந்தியாவில் முதலிடம் என்று இங்குள்ள சர்க்காரும் பெருமை பேசுகிறது. தொழில் வளருவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலை வேண்டும், மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும். ஆனால் அதே கணக்கேட்டின் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டாமா? 2017 முதல் 2020 வரை பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிலேயே செத்திருக்கிறார்கள். அதாவது நாளொன்றுக்கு மூன்று பேர். பதிவேட்டில் பெயரே இல்லாத உள்குத்தகைத் தொழிலாளியும், கட்டிடத்துச் சித்தாளும், சாக்கடைக் குழியில் இறங்கியவனும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

இனி டெல்லி சர்க்கார் செய்திருப்பதைப் பார்ப்போம். அதற்குப் போபாலிலிருந்து தொடங்க வேண்டும்.

1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு வெளியேறி ஆயிரக்கணக்கான ஏழை எளிய ஜனங்களைக் கொன்றது. அந்த வாயுவைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரத்தைச் செலவு மிச்சம் என்று மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரம் வேலை செய்யவில்லை. 1981-லேயே அங்கு ஒரு தொழிலாளி விஷவாயுவில் செத்திருந்தார். ஆலை எமனாக நிற்கிறது என்று தொழிற்சங்கத் தோழர்கள் அப்போதே எச்சரித்தார்கள். யார் காதிலும் ஏறவில்லை. அந்நிய முதலாளி ஆண்டர்சன் ஒரு நாள்கூட இந்திய நீதிமன்றத்தில் விசாரணைக்கு நிற்காமல் 2014-ல் அமெரிக்காவில் செத்தார். இங்குள்ள நிர்வாகிகளுக்கு 2010-ல், 26 ஆண்டு கழித்து, இரண்டே வருஷம் தண்டனை, அன்றைக்கே ஜாமீன்!

அந்தப் பிணக்குவியலுக்குப் பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு புது அத்தியாயம் சேர்ந்தது. ஆபத்தான தொழில் நடக்கும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும். அதில் நிர்வாகத்துக்குச் சமமாகத் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். என்ன ரசாயனத்தைக் கையாளுகிறோம் என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றது அது. அமுலில் எத்தனையோ ஓட்டைகள் இருந்தன என்பது வேறு விஷயம். உரிமை என்று ஒன்று ஏட்டிலாவது இருந்தது.

2025 நவம்பர் 21-ந் தேதி நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் டெல்லி அமுலுக்குக் கொண்டு வந்தது. அதன்படி, மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 பேர் ஆயிற்று. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆயிற்று. காண்ட்ராக்ட் தொழிலாளர் விதிகள் 20 பேருக்கு என்றிருந்தது 50 பேருக்கு என்றாயிற்று. பாதுகாப்புக் கமிட்டியோ, 500 பேர் வேலை செய்யும் இடத்தில் உண்டு என்று விளம்பரம் செய்கிறார்கள். சிவகாசியில் குத்தகைக்குக் கூறு போட்ட ஆலைகளில் எத்தனையில் 500 பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள்? ஆபத்தான வேலையானால் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் சட்டத்தைப் பொருத்துவோம் என்று சர்க்கார் சமாதானம் சொல்கிறது. எல்லோருக்கும் நியமனக் கடிதம், வருஷத்துக்கொரு இலவச மருத்துவப் பரிசோதனை என்றும் சொல்கிறது. நல்லது, அவற்றை ஒன்று விடாமல் கேட்டு வாங்குவோம். ஆனால் கேட்டு வாங்கித் தரும் அதிகாரி யார்?

இன்ஸ்பெக்டர் பெயரையே மாற்றிவிட்டார்கள். இனி அவர் “ஆய்வாளரும் வசதி செய்து கொடுப்பவரும்” ஆவார்! யாருக்கு வசதி? எந்த ஆலைக்கு எப்போது போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லுமாம். முன்னறிவிப்பு இல்லாமல், பகலோ இரவோ எந்நேரமும் ஆலைக்குள் நுழைய இன்ஸ்பெக்டருக்கு உரிமை உண்டு என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கையை 1949-லேயே இந்தியா ஏற்றுக் கையெழுத்திட்டது. அதை இப்போது எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்?

செய்ய முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகியபோது நாடே கதறியது. அதன்பின் பள்ளிகளில் கூரைக் கொட்டகைகளை அகற்ற உத்தரவு பிறந்தது, அகற்றவும் செய்தார்கள். ஜனங்களின் கோபத்தைக் கண்டால் சர்க்காரின் கையும் காலும் அசையத்தான் செய்கின்றன. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவைச் சென்னைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். சங்கங்கள் கொடி வேறுபாடின்றி எழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதல்மந்திரியே அறிவிக்க நேர்ந்தது.

இங்கு நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்கும் போனசுக்கும் கேட்டில் ஆயிரம் பேரைத் திரட்டுகிறோம். கார்டிங் மெஷினுக்கு மூடி போடவில்லை என்பதற்காக ஒரு கேட் கூட்டம் போட்டோமா? புளோரூமில் தீயணைக்கும் வாளி காலியாகக் கிடப்பதை மகஜரில் எழுதினோமா? பல இடங்களில் இல்லை. விரல் போனால் நஷ்டஈடு வாங்கித் தருகிறோம், அதைப் பெரிய காரியமாகவும் நினைக்கிறோம். விரல் போகாமல் இருக்கச் சங்கம் என்ன செய்தது என்று அந்தத் தொழிலாளி கேட்டால் நம்மிடம் பதில் குறைவு.

உள்குத்தகைக்கு விட்டவர் யாராயினும், உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரையே முதல் குற்றவாளியாக நிறுத்த வேண்டும். போர்மேனைப் பிடித்துக் கணக்கு முடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். காலியாகக் கிடக்கும் இன்ஸ்பெக்டர் நாற்காலிகளை நிரப்ப வேண்டும். ஆபத்தான தொழில் நடக்கும் இடம் எதுவானாலும், ஆள் எண்ணிக்கை பாராமல், தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் கமிட்டி வேண்டும். ஆபத்து என்று அந்தக் கமிட்டி சொன்னால் வேலை நிற்க வேண்டும், அன்றைய கூலி வெட்டப்படக்கூடாது. பதிவேட்டில் பெயர் இல்லை என்று சொல்லி எந்தக் குடும்பத்துக்கும் நஷ்டஈட்டை மறுக்கக்கூடாது. மாநில சர்க்கார் டெல்லியைக் கை காட்டித் தப்ப முடியாது. இவற்றில் பலவற்றை அதன் தொழிற்சாலை இலாகாவும் மாவட்ட அதிகாரிகளுமே செய்யலாம்.

பட்டாசு ஆலைகளில் தீபாவளிக்கான அவசர வேலை சூடு பிடிக்கும் மாதங்களில்தான் சாவும் கூடுகிறது. அதற்கு முன்பாகவே விருதுநகர் மாவட்டத்தில் ஊர் ஊராக, எந்த ஆலை யார் பெயரில், நடத்துவது யார், ஓர் அறையில் எத்தனை பேர் என்று தொழிலாளர்களே ஒரு கணக்கு எடுக்கட்டும். பஞ்சாலைத் தோழர்கள் தங்கள் மில்லில் மூடியில்லாத மெஷின்களையும் பூட்டிக் கிடக்கும் அவசர வழிகளையும் எழுதட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் மருந்து அடிப்பவருக்கு முகமூடி கொடுக்காத பண்ணைகளைக் குறிக்கட்டும். அந்தப் பட்டியல்களை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கலெக்டரிடம் கொடுப்போம். பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கி வைப்போம்.