பதினைந்தாம் தேதி தவறக் கூடாது
நேரடிப் பண உதவி குறித்து எங்கள் நிலைப்பாடு

ஏழைக் குடும்பங்களுக்கான உதவி மாதந்தோறும் பணமாகவே கொடுக்கப்பட வேண்டும். அது பெண்ணின் பெயரில், செலவுக்கு நிபந்தனை எதுவும் போடாமல், சொன்ன நாளில் வந்து சேர வேண்டும். தென் மாவட்டக் கரிசல் கிராமங்களில் பெண் விவசாயத் தொழிலாளர்களோடு வேலை செய்யும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. எவ்வளவு கொடுப்பது என்றுதான் மேடைகளில் போட்டி நடக்கிறது. என்றைக்குக் கொடுப்பது என்று யாரும் பேசுவதில்லை. ஊருக்குள் நாங்கள் பார்த்தவரை, ஒரு வீட்டின் நிலைமையை மாற்றுவதில் தொகைக்கு இருக்கும் பங்கைவிடத் தேதிக்கு இருக்கும் பங்கு பெரிது.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நாலு வெள்ளாடு, ஒரு ஏக்கர் மானாவாரி நிலம். கணவர் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறார். அவர் அனுப்பும் பணம் வந்தால் உண்டு. நூறு நாள் வேலைக் கூலி எப்போது கணக்கில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு வருஷத்திலேயே கஷ்டமான மாதம் ஜூன். புரட்டாசியில் மழை விழுந்த பிறகுதான் கரிசலில் விதைப்பு. அதுவரை காட்டு வேலை கிடையாது. அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் திறக்கும். புத்தகமும் சீருடையும் பள்ளியிலேயே கிடைத்துவிடும். செருப்பு, மற்ற சாமான்கள், பெரியவளின் விடுதிக்குப் பாயும் பெட்டியும் என்று எப்படியும் இரண்டாயிரம் மூவாயிரம் வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் ஆட்டு வியாபாரி அந்த வாசலில் வந்து நிற்பார். ஆடியில் கோயில் கொடைகளுக்குக் கிடா விலை ஏறும் என்பது வியாபாரிக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆறு வாரம் பொறுத்தால் போதும். பொறுக்க வழியில்லாமல்தான் வருஷா வருஷம் கேட்ட விலைக்குக் கிடாவை அவிழ்த்துக் கொடுத்தார்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அம்மாவுக்கும் கிடைத்தது. அடுத்த ஜூனில் வியாபாரி வந்தபோது, "ஆடிக்கு வாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆயிரம் ரூபாயில் பாயும் பெட்டியும் வாங்கிவிட முடிந்ததா? இல்லை. மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார். முன்பெல்லாம் பழைய பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பியவர், இப்போது நோட்டில் பெயருக்கு நேராக "15" என்று எழுதிக்கொண்டு சாமானைக் கட்டினார். வட்டி கிடையாது. மாதா மாதம் பதினைந்தாம் தேதி பணம் வரும் என்று ஊருக்கே தெரிந்ததால் வந்த நம்பிக்கை அது. கிடாவை ஆடியில் அந்த அம்மா சொன்ன விலைக்கே வாங்கிப் போனார்கள்.

தேதி தவறினால் இதெல்லாம் தலைகீழாகும். கடைக்காரர் கையை விரிப்பார். அஞ்சு வட்டிக்குத்தான் கேட்க வேண்டிவரும். பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஐந்நூறு வட்டிக்கே போகும். உரிமைத் தொகையில் பாதி அதிலேயே கரைந்துவிடும். இன்னொரு ஆபத்தையும் நாங்கள் மறைக்க விரும்பவில்லை. நிச்சயமான வருமானம் இருக்கிறது என்று தெரிந்ததுமே, வாரக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களின் ஆட்கள் தெருவுக்குள் வந்துவிடுகிறார்கள். ஆயிரம் ரூபாயை நம்பி நாற்பதாயிரம் கடன் வாங்கிவிட்டுத் தவணை நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டில் போய் உட்கார்ந்திருக்கும் பெண்களும் எங்கள் ஊர்களில் உண்டு. மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தச் சட்டம் காவல் நிலையத்தில் உயிரோடு இருந்தால்தான் உரிமைத் தொகை வீட்டில் தங்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வாதம்.

"கையில் காசு கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள், குடித்து அழிப்பார்கள்" என்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் 2011–12இல் சேவா அமைப்பு யுனிசெஃப் உதவியோடு எட்டுக் கிராமங்களில் எல்லாருக்கும் பணம் கொடுத்துப் பார்த்தது. முதலில் பெரியவர்களுக்கு மாதம் 200, பிள்ளைகளுக்கு 100. பிறகு 300, 150. நிபந்தனை எதுவும் இல்லை. மக்கள் வேலையை விட்டுவிடவில்லை. கூலிக்குப் போனவர்களில் பலர் சொந்த நிலத்தில் கூடுதல் நேரம் உழைத்தார்கள், ஆடு மாடு வாங்கினார்கள், கடனைக் குறைத்தார்கள். குடியைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா என்ற ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடுவதில்லை என்று காட்டினார்கள். எங்கள் ஊர்களில் ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொண்டு போகும் கணவர்கள் இல்லாமல் இல்லை. அந்த வீடுகளில் நிற்க வேண்டியது எங்கள் வேலை. அதைச் சாக்காக வைத்து எல்லாப் பெண்களின் பணத்தையும் நிறுத்தச் சொல்வது அநியாயம்.

கென்யாவின் சியாயா பகுதியில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஏறக்குறைய 1000 டாலர் கொடுத்து ஆராய்ந்தார்கள். பணம் வாங்காத பக்கத்து வீடுகளின் வருமானமும் செலவும்கூடக் கூடின. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்கு உள்ளூர்ப் பொருளாதாரம் வளர்ந்தது. விலைவாசி பெயரளவுக்குத்தான் ஏறியது. ஏழையிடம் போகும் காசு ஊர்க் கடையிலும் தையல்காரரிடமும் கொத்தனாரிடமும்தான் போய்ச் சேர்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்குக் கென்யா வரை போக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கணக்குக் கேட்பவர்களிடம் காட்ட இந்த ஆய்வு உதவுகிறது.

ஒன்றில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணம் என்றால் ஏற்க மாட்டோம். புதுச்சேரியில் 2015இல் அப்படித்தான் மாற்றினார்கள். கடைகள் மூடிக் கிடந்தன. அரிசி வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024இல் கடைகளைத் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. அரிசி விலை ஏறினால் பணத்தின் மதிப்பு குறையும். ரேஷனில் வாங்கும் இருபது கிலோ இருபது கிலோவாகவே இருக்கும்.

அதே காரணத்துக்காகத் தொகையையும் விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும் என்கிறோம். முதியோர் உதவித்தொகைக்கு நடந்ததை மறக்கவில்லை. தமிழ்நாட்டில் 2011இல் அது 1000 ரூபாய் ஆனது. 1200 ஆவதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்றிய அரசின் பங்கு அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு இன்னமும் வெறும் 200 ரூபாய். உரிமைத் தொகையும் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு வாங்கும் பொருளாகிவிடக் கூடாது. தொகையும் தேதியும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது என்றார்கள். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில் இந்த அளவுகோல் யாரை வெளியே தள்ளும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. சந்தேகம் வந்தால் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வங்கிகளிடமும் ஒரு கோரிக்கை. திட்டம் தொடங்கிய மாதத்திலேயே குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் இந்தப் பணத்தில் கை வைத்தன. பிடிக்கக் கூடாது என்று மாநில நிதியமைச்சரே எச்சரிக்க வேண்டிவந்தது. எந்தப் பெயரிலும், எந்தக் கடனுக்கும் இதைப் பிடிக்கக் கூடாது. களை எடுத்து ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காவிட்டால், "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பாதீர்கள். பெண்களுக்குப் பேருந்தில் டிக்கெட் இல்லைதான்; ஆனால் ஒரு நாள் கூலி போகிறது. தபால்காரர் வழியாக வீட்டிலேயே கொடுக்கும் ஏற்பாடு வயதானவர்கள் எல்லாருக்கும் வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் உறுப்பினர்கள் தீர்மானமாக முன்வைப்பார்கள். ஆடு வளர்க்கும் அந்த அம்மா தன் ஊரில் தானே வாசிக்கிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறார்.